ஹைஃபாவுக்குப் பத்திரிகை வைத்த சென்றாயன்

நாகலூர் ரோட்டில் முன்பெல்லாம் எஸ்டேட் ஜீப் வருகிறது என்றால் முதலில் ஹாரன் கேட்கும். இப்போது சென்றாயன் அண்ணனின் குரல்தான் முதலில் வருகிறது. "ஷொமேர், மிஷ்மெரெத், ஷிமுரிம்" என்று சாமி வந்தவர் அருள்வாக்குச் சொல்வது மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் வளைவில் ஜீப்பின் மூக்கு தெரியும். பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிற காப்பித் தோட்டத்துப் பெண்கள் ஆரம்பத்தில் பயந்தார்கள், பிறகு சிரித்தார்கள், இப்போது அவர்களுக்கே பாதி மனப்பாடம். ஷொமேர் என்றால் காவல்காரர், மிஷ்மெரெத் என்றால் ஷிப்ட், ஷிமுரிம் என்றால் கெட்டுப் போகாமல் டப்பாவில் அடைத்த சாப்பாடு. மூன்றுக்கும் அடியில் இருப்பது காப்பது என்கிற ஒரே வேர். ஏற்காட்டு மலையில் எபிரேய மொழி ஜீப்பில் ஏறிப் போவது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. அவருடைய தாத்தா காலத்திலேயே தர்மபுரிப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். ஜீப்பைத் தவிர வேறு எதையும் அவசரமாக ஓட்டத் தெரியாதவர். பேச்சு, சாப்பாடு, கோபம் எல்லாமே இரண்டாவது கியர்தான். அவருடைய மனைவி அமுதவல்லி மூன்றரை வருடமாக இஸ்ரேலில், ஹைஃபா என்கிற கடலோர ஊரில், ஹதாசா என்ற வயதான அம்மாவின் வீட்டோடு இருந்து அவரைப் பார்த்துக்கொள்கிறார். நானும் அதே ஊரில் அதே வேலையில் இருப்பவள். பெயர் இன்பமேரி. ஏற்காடு டவுனில் பிறந்து, வீட்டில் தமிழும் கான்வென்டில் இங்கிலீஷும் படித்து, இரண்டு பாஷையிலும் பயப்படத் தெரிந்தவள்.

அண்ணனுக்கு இந்தப் பாஷைப் பைத்தியம் பிடித்ததற்கும் ஒரு பயம்தான் காரணம். ஒரு சாயங்காலம் அமுதா வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே சைரன் அடித்தது. "மிக்லாத்துக்குப் போறோமுங்க, அப்புறம் கூப்புடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற மெஷின் கொட்டகைக்குப் பின்னால்தான் நாகலூரில் சிக்னல் கிடைக்கும். அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றபடி அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, மிக்லாத்துங்கறது ஊருங்களா, ஆஸ்பத்திரிங்களா?"

"ரெண்டும் இல்லீங்கண்ணா. குண்டு விழுந்தா ஒதுங்கற கெட்டிச் சுவர் ரூம். நானும் அதுலதான் உட்கார்ந்திருக்கேன். பயப்படாதீங்க."

என் பயம் அவருக்குத் தெரியாமல் இருக்க மேற்கொண்டு எதையாவது பேச வேண்டியிருந்தது. இந்தப் பாஷையில் மூன்று எழுத்துதான் வேர், அந்த மூன்றைச் சுற்றித்தான் வார்த்தைகள் முளைக்கும் என்று ஆரம்பித்தேன். உள்ளே வாங்கிக்கொள்வது என்கிற ஒரு வேர் இருக்கிறது. ஆளை உள்ளே வாங்கும் அறை மிக்லாத். பாட்டை உள்ளே வாங்கும் கேசட், கலெத்தெத். போனில் சிக்னல் கிடைப்பது க்ளிதா. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அண்ணன் அதைத் தன் வழியில் பிடித்துக்கொண்டார்.

"அப்போ சேஸிஸ் ஒண்ணு, மேல கட்டற பாடி மட்டும் வேற. அப்படித்தானுங்களே? ஒரே சேஸிஸ்ல மினி லாரியும் கட்டறாங்க, ஆம்புலன்சும் கட்டறாங்க."

நான் அந்த ஊருக்குப் போன புதிதில் பணம் கட்டி ஒரு வகுப்பில் உட்கார்ந்தேன். அங்கே ஒரு மாதம் எடுத்துச் சொன்னதை அவர் கியர் மாற்றுகிற நேரத்தில் முடித்துவிட்டார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்படி ஒன்றும் இல்லை. அடுத்த நாள் கூப்பிட்டு, "மிக்லாத்துன்னா கேசட்டு, சரிங்களா?" என்றார்.

மனைவிக்கு ஒன்று என்றால் புரியாமல் நிற்கக் கூடாது, அதற்காகத்தான் வார்த்தைகளைச் சேர்க்க ஆரம்பித்தார். சேர்த்ததும், எல்லா டிரைவர்களையும் போல, ஓட்டிக் காட்டாமல் இருக்க முடியவில்லை. சித்திரை மாதம் நான் லீவில் வந்தபோது ஜீப்பில் முன் சீட்டை எனக்காகத் துடைத்து வைத்திருந்தார். அது வழக்கமாகத் தெரசம்மாள் அக்காவின் சீட். நாகலூரில் பெட்டிக்கடை வைத்திருப்பவர், சரக்கு எடுக்க டவுனுக்கு வருவார். அன்றைக்கு நடுவில் நெருக்கி உட்கார வேண்டியதாகிவிட்டதில் அவருக்குக் கடுப்பு.

"அம்மணி, எங்க ஊட்டுக்காரியோட அந்தம்மா என்னைப் பார்க்கறப்பெல்லாம் 'நஹாக், நஹாக்'ங்குது. திட்டுதுங்களா?"

"டிரைவர்னு சொல்றாங்கண்ணா. அதே வேர்லதான் மின்ஹாக்னு ஒரு வார்த்தை இருக்கு. காலங்காலமா வர்ற முறை, வழக்கம். மன்ஹீக்னா தலைவர்."

அண்ணன் ஜீப்பை ஓரம் கட்டினார். உண்மையிலேயே நிறுத்தினார்.

"கேட்டுக்கிட்டியா தெரசா? டிரைவரும் தலைவரும் ஒரே சேஸிசாம்."

"தலைவரே, வண்டியை எடுங்க. முட்டை வேன் போயிரும்."

"முறைங்கறதும் அதே சேஸிசாம். டிரைவருக்குத்தான் முறை தெரியும்னு அந்த நாட்டுக்காரங்க அப்பவே எழுதி வெச்சிருக்காங்க."

"உங்களுக்குத் தெரிஞ்ச முறையைத்தான் பார்க்கறமே. காலையில ஆறு மணிக்கு ஆமென் சொல்லி எங்களை ஏத்தறீங்க."

அதுவும் உண்மைதான். ஆமென் எபிரேய வார்த்தை என்று நான் சொன்ன மறுநாளிலிருந்து, ஆள் ஏறி முடித்ததும் போலாம் ரைட்டுக்குப் பதிலாக அவர் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார். ரெகெல் என்றால் கால், அதிலிருந்து தர்கீல் என்றால் உடற்பயிற்சி, ரகீல் என்றால் பழகிப்போனது, மெரகேல் என்றால் கால் வைத்து ஊர் ஊராக மோப்பம் பிடிக்கும் உளவாளி என்று ஒரு நாள் சொன்னேன். அந்த வாரத்தோடு எஸ்டேட் மேஸ்திரிக்கு மெரகேல் என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் அது ஏதோ பட்டம் என்று நினைத்து மீசையைத் தடவிக்கொண்டதாகக் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. சேலத்துப் பக்கத்து நாக்கு ஒரு மொழியையும் மரியாதை இல்லாமல் விடாது. ஷாலோமுங்க என்பார். நன்றிக்குத் தொதாங்க. அந்த 'ங்க' என்றால் என்ன என்று ஹதாசாம்மா ஒரு நாள் என்னைக் கேட்டார். பெரியவர்களுக்குச் சேர்க்கிற மரியாதை என்றேன். "அப்படியானால் என் பெயருக்கும் வேண்டும்" என்றார். அன்றிலிருந்து அவர் அண்ணனுக்கு ஹதாசாங்க.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாத ஒன்று அந்தச் சித்திரையில் அண்ணனை அரித்துக்கொண்டிருந்தது.

அவர்களுடைய ஒரே மகள் சசிரேகாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வெள்ளக்கடை ஊர்க்காரர் மாதேஷ். மண்டபம், சமையல் எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனால் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க அப்பாவும் அம்மாவும் ஜோடியாக நிற்க வேண்டும். அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, அப்பா மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். ஜோடியில் ஒருவர் இல்லை என்றால் பெரியப்பா பெரியம்மா நின்று கொடுப்பார்கள். பெற்றவர் பந்தியில் இலை போடுவதை மேற்பார்வை பார்க்கலாம். அண்ணனின் அண்ணன் ஐயாக்கண்ணுவும் அவர் மனைவி கண்ணாயியும் தயாராகத்தான் இருந்தார்கள். கண்ணாயி அக்கா அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை எடுத்து, "எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தேன்" என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

அமுதாவுக்கு லீவு கொடுக்கச் சட்டப்படி தடையில்லை. ஹதாசாம்மாவின் மகன் டெல் அவிவில் இருக்கிறார், அவருக்கும் சம்மதம். தடை ஹதாசாம்மாதான். அமுதா இல்லாத நாட்களுக்கு மாற்று ஆள் வேண்டுமே. ஒத்திகை பார்க்க வந்த இரண்டு பேரையும் வந்த அன்றே அனுப்பிவிட்டார். ஒருத்தி சூப்பைக் கொதிக்க வைத்தாளாம், இன்னொருத்தி மெதுவாகப் பேசினாளாம். நான் பார்த்துக்கொள்கிற பாட்டியை ஆவணியில் மகள் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள், அப்போது சும்மாதான் இருப்பேன், நான் வரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். "நீயா? கால்மணிக்கு ஒருதரம் எனக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பாய்" என்றார். அது அநியாயம். அரைமணிக்கு ஒருதரம்தான் பார்ப்பேன்.

"நானே அந்தம்மாகிட்ட அவங்க பாஷையில லீவு கேக்கறனுங்க" என்றார் அண்ணன். அதற்குத்தான் அவ்வளவு வார்த்தைகளும். ஹுப்ஷா என்றால் லீவு. ஹோஃபெஷ் என்றால் விடுதலை, ஹொஃப்ஷி என்றால் சுதந்திரமானவர், எல்லாம் ஒரே வேர். ஒரு வாரம் ஜீப்பில் ஹுப்ஷா தவிர வேறு பேச்சில்லை. கல்யாண வார்த்தைகளும் வேண்டும் என்றார். ஹதான் மாப்பிள்ளை, ஹதுனா கல்யாணம், ஹோதென் மாமனார், ஹோதெனெத் மாமியார் என்று ஒரே வேரிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"பொண்ணுக்கு?"

"கலா. ஆனா அது வேற வேருங்கண்ணா. கல்யாணப் பொண்ணும் கலாதான், மருமகளும் கலாதான்."

"சரிதானுங்களே. மாப்பிள்ளை ஊட்டுல எல்லாரும் ஒரே சேஸிஸு, பொண்ணு மட்டும் வேற இடத்துல இருந்து வருது." சொல்லிவிட்டு அடுத்த வளைவில் தேவையில்லாமல் ஹாரன் அடித்தார். மகளை நினைத்துக்கொண்டார் போல.

பத்திரிகைக்கு என்ன வார்த்தை என்றும் கேட்டார். ஹஸ்மனா. ஸ்மான் என்றால் நேரம், ஸமீன் என்றால் கைக்கெட்டும் நிலையில் இருப்பது, மெஸுமான் என்றால் ரொக்கம்.

"நேரம் குறிச்சாப் பத்திரிகை, பத்திரிகை வெச்சா ரொக்கம்" என்றார் தெரசம்மாள் அக்கா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "நம்மூரு மொய் எங்கெல்லாம் போயிருக்குது பாருங்க."

கேட்கிற நாள் வந்தது. சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் மெஷின் கொட்டகைக்குப் பின்னால் நான் போய்ப் பார்த்தால், அண்ணன் வெள்ளை வேட்டியில் நிற்கிறார். கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், வாழைப்பழம், பிள்ளையார் போட்ட கல்யாணப் பத்திரிகை.

"அண்ணா, லீவு கேக்கத்தானே வந்தீங்க?"

"கல்யாணத்துக்கு அழைக்காம கல்யாணத்துக்கு லீவு கேக்கறது முறைங்களா? அமுதா அந்த ஊட்டுலதானுங்களே இருக்கறா. அந்த ஊட்டுக்கு முதல்ல பத்திரிகை வெக்கோணும்."

பத்திரிகையை ஜோடியாகத்தான் வைக்க வேண்டும். அதற்கும் ஏற்பாடு செய்திருந்தார். போன் திரையில் ஹதாசாம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவருக்கு எதிரே அமுதா சேலை கட்டி, அந்த ஊர்ப் பீங்கான் தட்டில் இரண்டு ஆப்பிளும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு நின்றார். பாதி ஜோடி ஹைஃபாவில், பாதி ஜோடி நாகலூரில்.

"ஷாலோமுங்க ஹதாசாங்க" என்று ஆரம்பித்தார். "ஸே ஹஸ்மனா." இது அழைப்பு. "ஹதுனா ஷெல் ஹபாத் ஷெலி." என் மகள் கல்யாணம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அடுத்தது ஹுப்ஷா வரவேண்டும். வரவில்லை. தட்டை நெஞ்சுக்கு நேரே தூக்கி, தலையைச் சாய்த்து, "பிலதாயிக், எயின் ஹதுனா" என்றார்.

நீங்கள் இல்லாமல் கல்யாணமே இல்லை. முந்தின நாள் அந்த வரியை என்னிடம்தான் கேட்டு வாங்கியிருந்தார். அமுதாவிடம் சொல்வதற்காக என்று நான் நினைத்து, உருகிப்போய்ச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

திரையில் ஹதாசாம்மா அமுதாவைப் பார்த்தார். நிஜமாகவா என்று கேட்டார். பத்திரிகைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சேலத்துக்காரி வேறென்ன சொல்ல முடியும்? கண்டிப்பாக வரணும் என்றார் அமுதா.

"பெசேதெர்" என்றார் ஹதாசாம்மா. சரி. "அனி பாஆ." வருகிறேன்.

போனை வைத்ததும் அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வர்றேன்னு எவ்வளவு மரியாதையாச் சொன்னாங்க பார்த்தீங்களா?"

"லீவு கேக்கவே இல்லீங்களேண்ணா."

"ரெண்டையும் ஒரே தட்டுல வெக்கக் கூடாதுங்க. அதை இன்னொரு நாளைக்குக் கேக்கலாம்."

எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது. நம் பக்கத்தில் பத்திரிகை வைக்கப் போனால், எழுந்து நடக்க முடியாதவர்கூட "வராம இருப்பமுங்களா" என்றுதான் சொல்வார். உங்கள் அழைப்பு எனக்குச் சந்தோஷம் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. ஹதாசாம்மாவின் ஊரில் சந்தோஷமாக இருந்தால் சந்தோஷம் என்பார்கள். வருகிறேன் என்றால் வருவார்கள்.

மறுநாள் காலையில் அமுதாவின் போன். "ஏனுங்க, என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்க? இந்தம்மா பீரோவை இழுத்துப் போட்டுப் பாஸ்போர்ட்டைத் தேடுது. உங்க மண்டபத்துல படி எத்தனைன்னு கேக்குது. மகனுக்குப் போன் போட்டு, 'நான் போகாவிட்டால் அந்த டிரைவரின் மகளுக்குக் கல்யாணம் நின்றுவிடும்'னு சொல்லிருச்சு."

செய்தி அன்று மத்தியானத்துக்குள் கொட்டச்சேடு வரை போய்விட்டது. நாகலூரில் ஆளுக்கொரு யோசனை. கண்ணாயி அக்கா பெரிய மனதோடு, "எங்கூட்டுல தங்கட்டும். இருக்கற கட்டில்ல படுத்துக்கட்டும். இவரு வெளிய படுத்துக்குவாரு" என்றார். ஐயாக்கண்ணு, "நான் எதுக்கு வெளிய? பத்திரிகை வெச்சவன் வெளிய படுக்கட்டும்" என்றார். மேனேஜர் எஸ்டேட் பங்களாவில் ஒரு ரூம் தருவதாகச் சொன்னார், அங்கேதான் உட்கார்கிற மாதிரி டாய்லெட் உண்டு. அண்ணன் ஜீப் சீட்டுக்குப் பஞ்சு மெத்தை கட்டி, முன்னால் தெரசம்மாள் அக்காவை உட்கார வைத்து, கையில் டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்து, கொண்டை ஊசி வளைவுகளில் சிந்தாமல் ஓட்டிப் பழகினார்.

"நான் எதுக்கு உட்காரோணும்? நான் என்ன வெளிநாட்டு அம்மாவா?"

"முட்டி வலி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே தெரசா. வலிச்சாச் சொல்லு."

"வலிக்குது."

"இன்னும் வண்டியே எடுக்கலையே."

உண்மையைச் சொல்லிவிடுங்கள், அது வெறும் மரியாதைப் பேச்சு என்று எடுத்துச் சொல்லலாம் என்று கெஞ்சினேன். அண்ணன் என்னை விநோதமாகப் பார்த்தார். "வெச்ச பத்திரிகையைத் திரும்ப எடுத்துட்டு வர்றதுங்களா? அதுக்கு அவங்க பாஷையில வார்த்தை இருந்தாலும் எனக்குச் சொல்லித் தராதீங்க அம்மணி."

லீவு முடிந்து ஹைஃபாவுக்குத் திரும்பினேன். அங்கே ஹதாசாம்மா தினமும் மாடிப்படியில் தர்கீல் செய்துகொண்டிருந்தார். அமுதா தோளைப் பிடிக்க, ஐந்து படி ஏறி, ஐந்து படி இறங்கி. இந்தியாவில் யானை நடுவில் வந்தால் என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். எங்கள் மலையில் காட்டெருமைதான், பரவாயில்லை என்றேன். பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது டாக்டர் முட்டியையும் இருதயத்தையும் பார்த்துவிட்டு, விமானம் ஏறக் கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஹதாசாம்மா வீட்டுக்கு வந்து ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தவர்தான். சூப் குடிக்கவில்லை. மகன் போன் செய்தால் எடுக்கவில்லை. வருகிறேன் என்று சொன்ன வார்த்தை அவரைக் குத்திக்கொண்டிருந்தது. "நான் போகவில்லை என்றால் கல்யாணம் இல்லை என்றானே" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். இந்த நிலையில் அவரிடம் யார் போய் லீவு கேட்பது? விமான டிக்கெட் விலையைப் பார்ப்பதையே அமுதா விட்டுவிட்டார். நாகலூரில் கண்ணாயி அக்கா பட்டுச்சேலைக்கு ஓரம் தைக்கக் கொடுத்துவிட்டதாகத் தெரசம்மாள் அக்கா எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும் என்னிடம் ஒரு வரி தயார் செய்யச் சொன்னார். பெரெக் என்றால் முழங்கால். பெராகா என்றால் ஆசீர்வாதம். இரண்டும் ஒரே வேர், மண்டியிட்டு வாங்குவதுதானே ஆசீர்வாதம். 'முழங்கால் வராவிட்டால் பரவாயில்லை, ஆசீர்வாதம் வந்தால் போதும்' என்று சொல்லப்போகிறாராம். எனக்கே கண் கலங்கியது. இரண்டு நாள் ஜீப்பில் அதையே ஓட்டிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீடியோ. நானும் ஹதாசாம்மாவின் வீட்டில்தான் இருந்தேன். அண்ணன் தொண்டையைச் செருமி, பெரெக், பெராகா என்று அந்த அழகான வரியைச் சொல்லி முடித்தார். ஹதாசாம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "பெராகா என்பதில் கடைசியைத் தொண்டையிலிருந்து சொல்ல வேண்டும்" என்றார். அவ்வளவுதான்.

அண்ணனுக்குச் சேர்த்து வைத்த வார்த்தை எல்லாம் போய்விட்டது. தமிழிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அமுதா, நான் சொல்றதை அப்படியே சொல்லு. எங்க பக்கம் ஒரு முறை இருக்குதுங்க. பத்திரிகை வெச்ச ஊட்டுல பெரியவங்களால வர முடியலைன்னா தப்பே இல்லீங்க. ஆனா அந்த ஊட்டுல இருந்து ஒருத்தராவது வரோணும். ஊட்டுக்கு ஒருத்தர். அவங்க வந்தா நீங்க வந்த மாதிரி. நீங்க வந்ததாத்தான் நாங்க சபையில சொல்லுவமுங்க. யாராச்சும் ஒருத்தரை அனுப்பி வையுங்க. மகனா இருந்தாலும் சரி."

அமுதா ஒவ்வொரு வரியாக எபிரேயத்தில் சொன்னார்.

ஹதாசாம்மா திரும்பினார். "இது நீ இப்போது கண்டுபிடித்ததா?"

"மின்ஹாக்" என்றார் அண்ணன். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவரிடம் மிச்சம் இருந்தது. "மின்ஹாக்குங்க ஹதாசாங்க."

ஹதாசாம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மகனை அனுப்ப முடியாது, அவன் கல்யாண வீட்டில் உட்கார்ந்து போனில் வியாபாரம் பேசுவான், என் மானம் போய்விடும் என்றார். பேத்தி ராணுவத்தில் இருக்கிறாள், வர முடியாது. பிறகு அறையைச் சுற்றிலும் பார்த்தார். வேறு யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில்?

ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்த அமுதா தலையைத் தூக்கவே இல்லை.

"அமுதா இந்த வீட்டில் இருப்பவள்தானே?" என்றார் ஹதாசாம்மா.

நான் எபிரேயத்தைத் தமிழாக்கிச் சொல்வதற்குள் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "உங்க ஊடுதானுங்களே" என்றார்.

அதற்கப்புறம் ஹதாசாம்மா சட்டதிட்டம் போட ஆரம்பித்தார். அமுதா அவருக்காகப் போகிறாள், லீவில் அல்ல. முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். அவர் பெயரைச் சொல்லி வரவேற்க வேண்டும். எல்லாவற்றையும் அவருக்குக் காட்ட வேண்டும். மாற்று ஆள் என்று யாராவது வந்துதான் தீர வேண்டும் என்றால், என்று சொல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பயந்தாங்கொள்ளி வரட்டும். மூச்சை இரண்டு மணிக்கு ஒருதரம் பார்த்தால் போதும்."

அதனால்தான் அந்தக் கல்யாணத்தை நான் ஹைஃபாவில் இருந்து பார்க்க வேண்டியதாயிற்று. அமுதாவின் விமானம் கிளம்புமா, ரத்தாகுமா என்று நான் பட்ட பாட்டைப் பார்த்து ஹதாசாம்மாவே எனக்கு எலுமிச்சை டீ போட்டுக் கொடுத்தார்.

போன் பிடிக்கிற பொறுப்பைக் கண்ணாயி அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். தண்ணீர் ஊற்றுகிற வேலை கை நழுவியதில் அவருக்கு வருத்தம் இருந்திருந்தால் அது வீடியோவில் தெரியவில்லை. பாதி நேரம் அவருடைய பட்டுச்சேலைக் கரைதான் தெரிந்தது. "பார்டர் நல்லா இருக்குதுங்களான்னு அந்தம்மாவைக் கேளுங்க மேரி" என்றார். கேட்டேன். நன்றாக இருக்கிறதாம்.

மண்டபத்து வாசலில் அண்ணன் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக நின்றார். அமுதா உள்ளிருந்து சமையற்கட்டு வேலையாக வெளியே வந்தார். அண்ணன் விடவில்லை. பொண்டாட்டியை வாசலுக்கு வெளியே ஒரு எட்டு போய்த் திரும்பி வரச் சொல்லி, பன்னீர் தெளித்து, கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க வாங்க. ஹைஃபா ஹதாசாம்மா ஊட்டுல இருந்து வந்திருக்காங்க" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். "பிரயாணமெல்லாம் சவுகரியமுங்களா?"

"சவுகரியமுங்க" என்றார் அமுதா. "சித்த தள்ளி நிக்கறீங்களா? சாம்பாருக்குப் பருப்பு பத்தலையாம்."

ஹதாசாம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அவரை வரவேற்றாகிவிட்டதே.

முகூர்த்தம். சசிரேகாவின் கையை அண்ணன் பிடித்துக்கொண்டார், கீழே மாதேஷின் கை. அமுதா பக்கத்தில் செம்போடு நின்றார். கண்ணாயி அக்கா, குறை சொல்லக் கூடாது, அப்போது மட்டும் போனை அசைக்காமல் பிடித்தார். தண்ணீர் விழ ஆரம்பித்தது. அண்ணனின் கை நடுங்கியதில் பாதி மாப்பிள்ளை வேட்டியில் போனது.

"கையை ஆட்டாதீங்க" என்று அமுதா பல்லைக் கடித்தபடி சொன்னது எங்களுக்கே கேட்டது.

"நான் எங்க ஆட்டறேன்? நீ வாய்க்கால்ல தொறந்து விடற மாதிரி ஊத்தறே."

"தண்ணி எங்க போவுது பாருங்க."

"செம்பைச் சாய்ச்சுப் புடி."

"எனக்குத் தெரியும், நீங்க புள்ளை கையைப் பாருங்க."

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார். சசிரேகா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

ஹதாசாம்மா என் பக்கம் திரும்பினார். "சண்டை போடுகிறார்களா?"

"ஆமாம்" என்றேன், பயந்துகொண்டே. "ஏதோ கொஞ்சம்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, போனில் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.